வானத்தில் கரும்புள்ளியா? முதலில் அபர்ச்சரைப் பாருங்கள்

போன தை மாதம் ஒரு தம்பி கேமராவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பாடி, கூடவே ஒரு 70-200 லென்ஸும், கேமராவோடு சேர்த்து விற்கிற கிட் லென்ஸும். முகம் வாடியிருந்தது. "அண்ணே, அலங்காநல்லூர்ல ஐநூறு படம் எடுத்தேன், ஒண்ணுலகூட இது இல்ல. இந்த வாரம் யானைமலைக்குப் போனா வானம் பூரா கரும்புள்ளி. ஒரே வாரத்துல சென்சார் போயிருச்சாண்ணே?"

படங்களை கம்ப்யூட்டரில் போட்டு, படத்தைவிட முதலில் அதன் விவரங்களைத்தான் பார்த்தேன். ஜல்லிக்கட்டுப் படங்கள் எல்லாமே எஃப் 4. இந்த எஃப் எண் அபர்ச்சரைச் சொல்வது, அதாவது லென்ஸுக்குள் ஒளி வருகிற துளையை; எண் கூடக் கூட துளை சுருங்கும். மாடு பாய்ந்து வருகிற வேகத்துக்கு ஷட்டரை ஏற்ற வேண்டும், அதனால் லென்ஸை முழுக்கத் திறந்து வைத்து எடுத்திருக்கிறார். யானைமலைப் படங்கள் எல்லாம் எஃப் 22. "லேண்ட்ஸ்கேப்புக்கு நம்பரைக் கூட்டி வை, எல்லாம் ஷார்ப்பா வரும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

படத்தைப் பதிவு செய்கிற சென்சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. வாடிவாசல் பக்கம் நின்று லென்ஸ் மாற்றியபோது புழுதி உள்ளே போயிருக்கிறது. அன்றைக்கே, அந்த ஐநூறு படத்திலும், அந்தத் தூசி அங்கேதான் இருந்தது. எஃப் 4 அதைக் காட்டவில்லை, எஃப் 22 காட்டிவிட்டது.

புதிதாக கேமரா எடுப்பவர்கள் இந்த ஒரு விஷயம் தெரியாமல் பயந்துபோய் சர்வீஸ் கடைக்கு ஓடுவதையும், தேவையில்லாமல் சென்சாரைத் துடைத்துக் கெடுப்பதையும் பலமுறை பார்த்துவிட்டேன். அதனால் அன்று அந்தத் தம்பியோடு உட்கார்ந்து செய்ததை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

தூசி எங்கே உட்கார்ந்திருக்கிறது?

சென்சார் என்று நாம் பார்க்கிற அந்தப் பளபளப்பான பரப்பு உண்மையில் அதற்கு மேலே இருக்கும் கண்ணாடி. அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் ஃபில்டர், பல பாடிகளில் லோ பாஸ் ஃபில்டரும் சேர்ந்து, அடுக்காக சென்சாருக்கு முன்னால் நிற்கின்றன. தூசி போய் ஒட்டுவது இந்த அடுக்கின் வெளிப்பக்கத்தில். அதற்கும் ஒளியைப் பதிவு செய்யும் பிக்சலுக்கும் நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் ஓர் இடைவெளி இருக்கிறது.

இந்தச் சின்ன இடைவெளியை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் தெரிகிற கரும்புள்ளி, அந்த இடைவெளியைத் தாண்டி பிக்சல் மேல் விழுகிற தூசியின் நிழல். நிழல் என்றால், விளக்கு எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து அது அழுத்தமாகவும் விழும், விழாத மாதிரி மங்கியும் போகும்.

கடுகு வைத்து ஒரு சோதனை

இதை நம்ப வைக்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. பழைய போட்டோ ஃபிரேமின் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் வெள்ளைத்தாளை விரித்து, இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, தாளுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் கண்ணாடி நிற்கிற மாதிரி வையுங்கள். கண்ணாடி மேல் நாலைந்து கடுகைப் போடுங்கள்.

முதலில் அறையின் டியூப்லைட்டை மட்டும் எரியவிட்டுத் தாளைப் பாருங்கள். கடுகின் நிழல் தெரியாது. உற்றுப் பார்த்தால் நீளவாக்கில் இழுத்துவிட்ட மாதிரி ஒரு மங்கல் இருக்கலாம், அவ்வளவுதான். இப்போது டியூப்லைட்டை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சை மூன்றடி உயரத்தில் பிடியுங்கள். ஒவ்வொரு கடுகுக்கும் கீழே ஒரு கரும்புள்ளி, பேனாவால் வைத்த மாதிரி. கடுகு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, விளக்கு மட்டும்தான் மாறியது.

தாளில் கடுகுக்கு நேர் கீழே ஓர் எறும்பு நின்று மேலே பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நாலடி நீள டியூப்லைட்டில் கடுகு ஒரு சின்னத் துண்டை மட்டும்தான் மறைக்கும். மீதி வெளிச்சம் முழுக்க எறும்பின் மேல் விழும். டார்ச்சின் பல்ப் சின்னது, கடுகு அதை முழுதாக மறைத்துவிடும். எறும்பு இருட்டில் நிற்கும்.

சென்சாரில் இருக்கிற பிக்சல்தான் அந்த எறும்பு. லென்ஸின் துளைதான் அது பார்க்கிற விளக்கு. 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்தால் அந்தத் துளையின் விட்டம் கிட்டத்தட்ட 28 மி.மீ. எஃப் 22-க்குக் கொண்டுபோனால் அது 2 மி.மீ. சொச்சமாகச் சுருங்கிவிடுகிறது. அதாவது டியூப்லைட் டார்ச் ஆகிவிடுகிறது.

கண்ணாடியை இறக்கித் தாள் மேலேயே வைத்துவிட்டால் டியூப்லைட்டிலும் கடுகின் நிழல் தெரியும் என்பதையும் பார்த்துவிடுங்கள். இடைவெளி குறையக் குறைய நிழல் கூர்மையாகும். சென்சாருக்கு முன்னால் அடுக்கு இருப்பது நமக்கு எவ்வளவு உதவி என்று அப்போது புரியும்.

கொஞ்சம் கணக்கு

கணக்கு பிடிக்காதவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம். ஆனால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் மறக்கவே மறக்காது.

இடைவெளியை எஃப் எண்ணால் வகுத்தால், நிழல் எவ்வளவு அகலத்துக்குப் பரவுகிறது என்பது தோராயமாகக் கிடைக்கும். இடைவெளி 2 மி.மீ. என்றும், தூசியின் அகலம் 0.05 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். அது மெல்லிய தலைமுடியின் கனம்.

எஃப் 2.8-இல் நிழல் 0.7 மி.மீ. அகலத்துக்குப் பரவுகிறது. அத்தனை அகலத்தில் பரவிய பிறகு, அங்கே குறைகிற வெளிச்சம் 200-இல் 1 பங்குதான். எந்தக் கண்ணுக்கும் தெரியாது. எஃப் 8-இல் பரவல் 0.25 மி.மீ., குறையும் வெளிச்சம் 25-இல் 1 பங்கு. வெறும் வானத்தில் தேடினால் மங்கலாகப் பிடிபடலாம். எஃப் 16-இல் 0.125 மி.மீ., ஏறக்குறைய 6-இல் 1 பங்கு வெளிச்சம் போய்விடுகிறது. எஃப் 22-க்கு வந்தால் 0.09 மி.மீ., 10-இல் 3 பங்கு போய்விடும். அதைத்தான் அந்தத் தம்பி யானைமலைக்கு மேலே பார்த்தார்.

ஏபிஎஸ்-சி என்பது ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார் அளவு. அதில் 24 மெகாபிக்சல் படத்தின் அகலம் 6000 பிக்சல். அதில் இந்த எஃப் 16 புள்ளி 30 பிக்சலுக்கு மேல் அகலமாக உட்கார்ந்திருக்கும். மொபைலில் பார்த்தாலே தெரிகிற அளவு.

நம்பர் கூடக் கூட புள்ளி அளவில் சின்னதாகும், ஆனால் கறுப்பாகும். நம்பர் குறையக் குறைய அகலமாகி வெளிறிப்போகும். ஒரே தூசி இரண்டு படத்தில் இரண்டு விதமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

இது சென்சார் தூசிதானா?

துடைக்கப் போகும் முன் இதை உறுதி செய்ய வேண்டும். வேறு வேறு கோணத்தில் எடுத்த நாலு படங்களை அடுத்தடுத்துப் புரட்டுங்கள். மலை நகரும், மேகம் நகரும். புள்ளி மட்டும் ஃபிரேமில் ஒரே இடத்தில் நின்றால் அது சென்சார் பக்கத்து விஷயம். லென்ஸை மாற்றி எடுத்தும் அதே இடத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். நின்ற இடம் மாறினால் அது காக்கையாகவோ பருந்தாகவோ இருக்கலாம், சமணர் மலைக்கு மேலே பருந்து நிறையவே சுற்றும்.

வ்யூஃபைண்டரில் தெரிகிற தூசியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உள்ளே மிரர் வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவில் அது அந்த மிரரிலோ ஃபோகஸிங் ஸ்க்ரீனிலோ இருக்கும், படத்தில் வராது. லென்ஸின் முன் கண்ணாடியில் இருக்கும் தூசியும் இப்படிக் கரும்புள்ளியாக விழாது, சென்சாரிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறது. தண்ணீர்த் துளி வேறு கதை. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் நடுவில் நின்று எடுத்தால் முன் கண்ணாடியில் துளிகள் தெறிக்கும். அவை வெளிச்சமான, மங்கலான திட்டுகளாக வரும், ஜூம் செய்தால் அளவும் இடமும் மாறும். மென்மையான துணியால் ஒற்றி எடுத்தால் போய்விடும்.

சோதனைப் படம் எடுப்பது எப்படி

சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர் போதும். மேகமில்லாத வானமும் சரி, கம்ப்யூட்டரில் வெறும் வெள்ளைத் திரையைத் திறந்து வைத்தாலும் சரி.

கேமராவை அபர்ச்சர் ப்ரையாரிட்டியில் வையுங்கள், அதாவது ஏ அல்லது ஏவி. எஃப் 22, ஐ.எஸ்.ஓ. 100. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காகக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைச் சுவர் சாம்பலாக வரும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, சுவருக்குக் கிட்டப் போய், ஃபோகஸை முடிவிலிக்குத் திருப்பிவிடுங்கள். சுவரே மங்கலாகத் தெரிய வேண்டும். லென்ஸ் 50 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது.

இப்போது ஷட்டரை அழுத்திவிட்டு கேமராவை மெதுவாக வட்டமாக ஆட்டுங்கள். வீட்டுக்குள் ஷட்டர் ஒன்றிரண்டு செகண்ட் திறந்திருக்கும், ஆட்ட நேரம் கிடைக்கும். படம் எடுக்கும்போது கை ஆடக் கூடாது என்றுதானே எல்லோரும் சொல்வார்கள், இங்கே வேண்டுமென்றே ஆட்டுகிறோம். சுவரில் இருக்கிற கறை, சொரசொரப்பு எல்லாம் இழுபட்டு மறைந்துவிடும். தூசி கேமராவோடு சேர்ந்தே ஆடுகிறது, அதனால் அது மட்டும் அசையாமல் பதியும்.

படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மேல் இடது மூலையிலிருந்து வரிவரியாகப் பாருங்கள். கான்ட்ராஸ்டைக் கூட்டினால் இன்னும் தெளிவாகும். உருண்டைப் புள்ளி என்றால் தூசி. வளைந்த கோடு என்றால் பஞ்சு அல்லது நார். நல்ல வட்டமாக, நடுவில் வெளிச்சமாகவும் ஓரம் கறுப்பாகவும் இருந்தால் எண்ணெய்த் துளியாகவோ காய்ந்த ஈரமாகவோ இருக்கலாம்.

அடுத்து, கேமராவை அசைக்காமல் அதே சுவரை எஃப் 16, 11, 8, 5.6, 2.8 என்று வரிசையாக எடுத்துப் பாருங்கள். இதை ஒவ்வொரு புதியவரும் ஒருமுறையாவது செய்ய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்வேன். புள்ளிகள் ஒவ்வொன்றாக வெளிறி அகன்று கரைவது கண்முன்னே தெரியும். எஃப் 5.6-ஐத் தாண்டியும் ஒரு புள்ளி தெரிந்தால் அது பெரிய தூசி, அதை எடுத்தே ஆக வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் பாடி வாங்கப் போகிறவர்கள் இந்தச் சோதனையை விற்பவரின் முன்னாலேயே செய்யுங்கள். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் போட்டு முழுக்கத் திறந்து எடுத்துக் காட்டினால் எந்த சென்சாரும் புத்தம் புதிதாகத்தான் தெரியும். நீங்களே எஃப் 22-க்குத் திருப்பி ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். புள்ளி தெரிந்தால் வாங்கக் கூடாது என்று அர்த்தம் இல்லை, தூசி போய்விடும். கையால் அழுத்திக் காற்று ஊதுகிற ப்ளோயரால் ஊதிய பிறகும் நகராத மெல்லிய கோடு இருந்தால் யோசியுங்கள், அது ஃபில்டரில் விழுந்த கீறலாக இருக்கலாம்.

துடைப்பதற்கு முன், எஃப் 22 வேண்டுமா என்று கேளுங்கள்

என் அனுபவத்தில் பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். கல்யாண மண்டபத்தில் எஃப் 2.8, எஃப் 4 என்று எடுப்பவருக்கு, சென்சாரில் பத்துத் தூசி இருந்தாலும் ஆல்பத்தில் ஒன்றும் வராது. புள்ளி பிரச்சினையாவது, வானம், வெள்ளைச் சுவர், தெப்பக்குளத்துத் தண்ணீர் மாதிரி ஒரே நிறமாக விரிந்த இடங்களை எஃப் 11-க்கு மேல் எடுக்கும்போதுதான்.

நிலக்காட்சிக்குப் பெரிய நம்பர் வேண்டும் என்ற நினைப்பு ஓரளவுக்குத்தான் சரி. ஏபிஎஸ்-சி பாடியில் கிட் லென்ஸை 18 மி.மீ.-இல் வைத்து, எஃப் 8-இல், சுமார் 2 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்யுங்கள். கிட்டத்தட்ட 1 மீட்டரிலிருந்து அடிவானம் வரைக்கும் தெளிவாக இருக்கும். கீழக்குயில்குடியில் தாமரைக் குளத்தை முன்னால் வைத்துப் பின்னால் மலையை எடுக்க இதற்கு மேல் வேண்டியதில்லை.

எஃப் 22-க்குப் போனால் ஷார்ப்னஸும் குறைகிறது. துளை ரொம்பச் சின்னதானால் ஒளி அதன் ஓரத்தில் விலகிப் பரவும். பச்சை ஒளியை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு புள்ளி எஃப் 8-இல் 0.011 மி.மீ. வட்டமாகவும், எஃப் 22-இல் 0.03 மி.மீ. வட்டமாகவும் விழும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 0.004 மி.மீ. ஆக எஃப் 22-இல் ஒரு புள்ளி ஏழு பிக்சலுக்குப் பரவுகிறது. அந்தத் தம்பியின் யானைமலைப் படத்தில் பாறையின் கோடுகள் கொழகொழவென்று இருந்ததற்கு இதுதான் காரணம். தூசியைப் பார்த்த பதற்றத்தில் அவர் அதைக் கவனிக்கவே இல்லை. மறுநாள் அதே இடத்துக்கு அனுப்பி எஃப் 8-இல் எடுக்கச் சொன்னேன். புள்ளிகள் பெரும்பாலும் மறைந்தன, பாறையும் தெளிந்தது.

அருவித் தண்ணீரைப் பட்டு மாதிரி எடுக்க ஷட்டர் மெதுவாக வேண்டும், அதற்கு எஃப் 22 வைத்தேன் என்பார்கள். சிறுமலை அடிவாரத்தில் குட்லாடம்பட்டி அருவிக்குப் போகிற பையன்கள் எல்லோரும் செய்கிற வேலை இது. அதற்கு என்.டி. 8 ஃபில்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அது மூன்று ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்கும். எஃப் 22-க்கும் எஃப் 8-க்கும் நடுவில் இருப்பதும் சரியாக மூன்று ஸ்டாப்தான். அதே ஷட்டர் வேகத்தோடு எஃப் 8-இல் எடுத்துவிடலாம். வீடியோ எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வெயிலில் ஷட்டரைக் குறைவாக வைக்க அபர்ச்சரை மூடினால் ஒவ்வொரு ஃபிரேமிலும் புள்ளி வரும், கேமராவைத் திருப்பும்போது வானத்தில் அது கூடவே நகர்ந்து வரும்.

மேக்ரோ எடுப்பவர்கள் மட்டும் தப்பிக்க முடியாது. மல்லிகை மொட்டை 1:1 அளவுக்குக் கிட்டப் போய் எடுத்தால், லென்ஸில் எஃப் 11 வைத்திருந்தாலும் சென்சாருக்கு வந்து சேருவது எஃப் 22-க்குச் சமமான ஒளி. அதனால் நிழலும் எஃப் 22-க்குரியதாகவே விழும். அவர்கள் சென்சாரைச் சுத்தமாக வைத்துத்தான் ஆக வேண்டும்.

சுத்தம் செய்வது

முதல் படி கேமராவிலேயே இருக்கிறது. மெனுவில் சென்சார் க்ளீனிங் என்பதைப் போட்டால், முன்னால் இருக்கும் ஃபில்டரை வேகமாக அதிரவைத்துத் தூசியை உதறிவிடும். 2003-இல் ஒலிம்பஸ் இ-1 கேமராவில் வந்த யோசனை இது, இப்போது கிட்டத்தட்ட எல்லாப் பாடியிலும் இருக்கிறது. நாலைந்து முறை ஓடவிட்டு, மறுபடி சோதனைப் படம் எடுங்கள். உலர்ந்த புழுதி பெரும்பாலும் இதிலேயே போகும்.

போகாவிட்டால் ப்ளோயர். ஃபேனை அணையுங்கள். தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து உட்காருங்கள். பேட்டரி முழுக்க சார்ஜ் ஆகியிருக்க வேண்டும், ஏனென்றால் டிஎஸ்எல்ஆரில் மேனுவல் க்ளீனிங் போட்டால் மிரர் மேலே போய் ஷட்டர் திறந்து நிற்கும். நடுவில் பேட்டரி இறங்கினால் எல்லாம் டப்பென்று மூடும். ப்ளோயரை முதலில் வெளியே நாலு முறை ஊதி, அதற்குள் இருக்கிற தூசியைப் போக்குங்கள். கேமராவின் வாய் கீழே பார்க்கிற மாதிரி ஒரு கையில் பிடித்து, கீழேயிருந்து மேல்நோக்கி ஊதுங்கள். தூசி கீழே விழ வேண்டும். ப்ளோயரின் முனை லென்ஸ் மாட்டுகிற மவுண்ட் வளையத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டாம்.

வாயால் ஊதாதீர்கள். எச்சில் துளி ஒன்று பட்டால் தூசியைவிடப் பெரிய வேலையாகிவிடும். ஸ்ப்ரே டப்பாவில் வருகிற காற்றும் கூடாது, அதில் இருக்கிற திரவம் ஃபில்டர் மேல் படிந்துவிடும். காதுக் குச்சி, பனியன் துணி, சானிடைசர், கண்ணாடி துடைக்கிற திரவம் எதுவும் சென்சார் பக்கம் போகவே கூடாது.

இரண்டு முறை ஊதியும் போகாதது ஒட்டிக்கொண்ட தூசி. மகரந்தம், எண்ணெய், காய்ந்த ஈரம் எல்லாம் இந்த வகை. இதற்கு ஈர ஸ்வாப் வேண்டும், அதாவது சென்சாரைத் துடைக்கிற தட்டையான குச்சி. ஏபிஎஸ்-சிக்கு 16 மி.மீ., ஃபுல் ஃபிரேமுக்கு 24 மி.மீ. அகல ஸ்வாப், சென்சாருக்கென்றே விற்கிற திரவம். இரண்டு மூன்று சொட்டு விட்டு, திரவம் ஊறும் வரை கொஞ்சம் பொறுத்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே இழுப்பு. ஸ்வாபைத் திருப்பி மறு பக்கத்தால் திரும்ப ஓர் இழுப்பு. அதோடு அந்த ஸ்வாபைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். விலையைப் பார்த்து இரண்டாம் முறை உபயோகித்தால், முதல் முறை எடுத்த மணலாலேயே ஃபில்டரைத் தேய்ப்பீர்கள். ஊதாமல் நேரே ஸ்வாபுக்குப் போவதும் அதே தப்புதான். மிரர்லெஸ்ஸில் சென்சார் அசைகிற வகை என்றால் மெனுவில் க்ளீனிங் மோடைப் போட்டுவிட்டுத் தொடுங்கள், அழுத்தம் கொடுக்காதீர்கள்.

எந்த இடத்தில் துடைப்பது என்று குழப்பம் வரும். லென்ஸ் சென்சாரில் காட்சியைத் தலைகீழாகத்தான் போடுகிறது. கேமராவை நிமிர்த்தி வைத்து, மவுண்ட் வழியாக எதிரிலிருந்து பார்க்கும்போது மேல் கீழ் மட்டும் மாறும், இடம் வலம் மாறாது. படத்தில் மேல் இடது மூலையில் புள்ளி என்றால், தூசி உங்கள் கண்ணுக்குக் கீழ் இடது மூலையில் இருக்கும். வானத்தில் விழுகிற தூசி எல்லாம் சென்சாரின் கீழ்ப்பாதியில்தான்.

கை நடுங்கும் என்றால் ஸ்வாப் வேலையைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் திரும்ப வாங்கும்போது எஃப் 22-இல் படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். என் பழைய பாடியை ஒரு கடையில் கொடுத்தபோது எஃப் 5.6-இல் ஒரு படம் எடுத்துக் காட்டினார்கள், பளிச்சென்று இருந்தது. வீட்டுக்கு வந்து எஃப் 16-இல் எடுத்தால் ஓரம் முழுக்கத் திரவம் காய்ந்த கோடுகள். அடுத்த நாள் விடியற்காலை ஒரு ஷூட் இருந்தது. அன்று பட்ட பாட்டை நீங்கள் படக் கூடாது.

உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது

ஜல்லிக்கட்டு நாளில் களத்துக்குப் பக்கத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள். தேங்காய் நாரைப் பரப்பியிருப்பார்கள், மாடு மிதித்துக் கிளப்புகிற தூளும் செம்மண்ணும் ஆள் உயரத்துக்கு நிற்கும். இரண்டு பாடி இல்லாதவர்கள் ஒரே ஜூம் லென்ஸோடு நாளை ஓட்டுவது நல்லது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, கேமராவை அணைத்து, வாயைக் கீழே பார்க்கப் பிடித்து, அடுத்த லென்ஸின் பின் மூடியை முதலிலேயே திறந்து தயாராக வைத்துக்கொண்டு மாற்றுங்கள். வைகை மணலில் நின்றாலும், ஆடிக் காற்றிலும் இதே கவனம் வேண்டும். மூடிகளின் உள்பக்கத்தையும் பையின் அடியையும் மாதம் ஒருமுறை தட்டிவிடுங்கள். பைக்கில் மேலூர் ரோட்டில் போய் வந்தால் பைக்குள் எவ்வளவு புழுதி சேர்கிறது என்று பார்த்தாலே தெரியும்.

ஏற்கெனவே எடுத்த படங்களுக்கு

புள்ளி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருப்பது இங்கே வசதி. லைட்ரூம் மென்பொருளில் ஒரு படத்தில் ஹீல் செய்து, அதாவது புள்ளியை அழித்து, அதே தொடரில் இருக்கிற மற்ற படங்களுக்கு அதை அப்படியே ஒட்டலாம். விஷுவலைஸ் ஸ்பாட்ஸ் என்பதைப் போட்டால் படம் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியமாக மாறி, கண்ணுக்குத் தப்பிய புள்ளியும் தெரியும். ஒட்டிய பிறகு ஒவ்வொரு படத்தையும் ஒருமுறை பாருங்கள். ஒன்றில் வெறும் வானமாக இருந்த இடம் இன்னொன்றில் மலையின் விளிம்பாக இருக்கும், அங்கே ஹீல் செய்தது கோணலாகத் தெரியும். கேனான், நிகான் பாடிகள் சிலவற்றில், வெள்ளைப் பரப்பைப் படமெடுத்துத் தூசியின் வரைபடத்தைச் சேமித்து, அவர்களுடைய மென்பொருளிலேயே நீக்கும் வசதியும் இருக்கிறது.

அன்று அந்தத் தம்பியோடு உட்கார்ந்து இப்படித்தான் யானைமலைப் படங்களைச் சரி செய்தோம். சோதனைப் படத்தில் பதினோரு புள்ளி எண்ணியிருந்தோம். வானத்தில் இருந்த ஒன்பதும் போயின. மீதி இரண்டும் மலை மேல் விழுந்திருந்தன. எந்த இடம் என்று தெரிந்தும், பெரிதாக்கித் தேடியும், பாறையில் மழைத்தண்ணீர் வழிந்து விட்ட கறுப்புத் தாரைகளுக்கு நடுவில் அவற்றை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டோம்.